தங்கம்மாள் காசு வாங்கவில்லை

நீலாம்பாளை வேலையிலிருந்து கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்களாம். யார் பார்த்தது? குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு பேசுகிறாளே ரெங்கம்மாள், அவள் பார்த்தாளா? அன்றைக்கு அவள் ஊரிலேயே இல்லை. மகள் வீட்டுக்கு முருங்கைக்கீரை எடுத்துக்கொண்டு பூதலூர் போயிருந்தாள். பார்க்காததைப் பார்த்த மாதிரி சொல்லத் தனி வாய் வேண்டும். ஆலக்கரைக் கீழத்தெருவில் அந்த வாய்க்குப் பஞ்சமே இல்லை.

மிஷினை உடைத்தாள், அதனால் துரத்தினார்கள் என்கிறாள் ஒருத்தி. செத்த தாயின் பேரைச் சொல்லிச் சம்பளம் கூட்டிக் கேட்டாள், கொடுக்கவில்லை, ரோஷம் வந்துவிட்டது என்கிறாள் இன்னொருத்தி. முந்தாநாள் நீலாம்பாள் தண்ணீர் பிடிக்க வந்தபோது நேருக்கு நேராகவே கேட்டாள் ரெங்கம்மாள்.

"ஏன்டி நீலா, ஏசி ரூம்ல காத்து வாங்கிக்கிட்டு இருந்த வேலை. கொழுப்பெடுத்தா விட்டுட்டு வந்தே?"

"ஆமாக்கா. கொழுப்புதான். ஒனக்குக் கொஞ்சம் வேணுமா?"

"பாரு பாரு, இந்த வாய்தான் ஒன்னயத் தள்ளி விட்டுருக்கு."

நீலாம்பாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்குப் பேசத் தெரியாமல் இல்லை. எத்தனை பேரிடம் பேசுவது? ஆகவே நடந்தது நடந்தபடி இங்கே இருக்கட்டும். அவளை யாரும் தள்ளவில்லை. உடைத்ததும் இல்லை, கூட்டிக் கேட்டதும் இல்லை. இரு இரு என்று கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார்கள். கெஞ்சியதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

நீலாம்பாளின் தாய் தங்கம்மாள் ஆலக்கரைப் பெரிய பண்ணையில் நடவு ஆள். சும்மா நடவு ஆள் இல்லை, வரிசையில் முதலில் நிற்கிறவள். அவள் குனிந்தால்தான் மற்றவர்கள் குனிவார்கள். அவள் குலவை போட்டால் வாய்க்கால் தாண்டி அடுத்த ஊர்க் களத்தில் இருக்கிறவன் தலையைத் தூக்கிப் பார்ப்பான். குடிசை, பண்ணைக்குச் சொந்தமான திடலில். பிறந்தது அங்கே, வாழ்க்கைப்பட்டது அங்கே. ஆனால் கூரையில் பூசணிக்கொடி ஏற்றுவதானாலும் பண்ணை நிர்வாகம் பார்க்கிற காரியக்காரரிடம் கேட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

அந்தக் காலத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவரப் போகிறதாம். டீக்கடை ரேடியோவில் கேட்டதாக ஒருவன் வந்து சொன்னான். கீழத்தெருவுக்கு எட்டிய சேதி பண்ணை வீட்டுக்கு எட்டாமல் இருக்குமா? சட்டம் வருவதற்குள் திடலைக் காலி செய்துவிடப் பெரிய பண்ணை முடிவு செய்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளம். ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீர் நிற்கும். குடிசைகளைப் பிரித்து அங்கே போட்டுக்கொள்ளுங்கள் என்று காரியக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. நடவு வயலில் ஒரு வழக்கம் உண்டு. நாற்றங்காலில் பறித்துக் கைப்பிடி அளவு கட்டி வைக்கிற நாற்றுக்கு முடி என்று பேர். நடவு நடக்கிற வயல் வரப்பில் யாராவது வந்தால், நடவுக்காரி ஒருத்தி ஓடிப்போய் அவர் காலுக்கு முன்னால் ஒரு முடியைப் போட்டு மறிப்பாள். மறிக்கப்பட்டவர் வெற்றிலை பாக்குக்கோ பொரிகடலைக்கோ ஏதாவது கொடுக்க வேண்டும். கொடுத்தால் அவளே முடியை எடுத்துவிட்டு வழி விடுவாள். கொடுக்காமல் தாண்டினால் அந்த வயல் பதராகப் போகும் என்று ஒரு பயம். பயம் எல்லோருக்கும் உண்டு. நிலம் வைத்திருக்கிறவனுக்குக் கூடுதலாக உண்டு.

பெரிய பண்ணை குடை பிடித்துக்கொண்டு வரப்பில் வந்தார். தங்கம்மாள் சேற்றிலிருந்து ஏறி முடியைப் போட்டாள். வழக்கம்தானே என்று அவர் மடியிலிருந்து ஒரு வெள்ளிக் காசை எடுத்து நீட்டினார். தங்கம்மாள் கை நீட்டவில்லை.

"காசு வேணாங்கய்யா. திடல் எங்களுக்குத்தான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எடுத்துடுறேன்."

அன்றுவரை கீழத்தெருவில் யாரும் அவரை ஆண்டே என்று சொல்லாமல் ஒரு வாக்கியத்தை முடித்ததில்லை. அவள் அய்யா என்றாள். பெண்கள் எல்லோரும் நிமிர்ந்துவிட்டார்கள். காரியக்காரர் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். பெரிய பண்ணை காசை வீசினார். அது சேற்றில் விழுந்தது. தங்கம்மாள் அதைக் குனிந்து பார்த்தாள், பிறகு குதிகாலால் ஒரு மிதி மிதித்தாள். போனது போனதுதான், இன்றைக்கும் அந்த வயலுக்குள் எங்கேயோ கிடக்கும்.

அவர் முடியைத் தாண்டவில்லை. வெயிலில் வெகுநேரம் நின்றார். அப்புறம் வந்த வழியே திரும்பிப் போனார். பண்ணையார் ஒரு நடவுக்காரிக்குமுன் முதுகைக் காட்டிக்கொண்டு போனதை ஊர் பார்த்தது. அதுதான் அவரால் தாங்க முடியாமல் போனது.

பொழுது சாய்வதற்குள் ஆட்கள் வந்து தங்கம்மாளின் கூரையைப் பிரித்துக் குளத்தில் போட்டார்கள். அவள் இறங்கி ஓலையைப் பொறுக்கி அதே இடத்தில் வேய்ந்தாள். மறுபடி பிரித்தார்கள். மறுபடி வேய்ந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் நகரவில்லை. சட்டம் வந்தது, திடல் நின்றது. இன்றைக்கு ரெங்கம்மாள் மாடி வீடு கட்டி உட்கார்ந்திருக்கிறாளே, அதுவும் அந்தத் திடல்தான்.

ஆனால் தங்கம்மாளை அதற்குப் பிறகு எந்தப் பண்ணையும் நடவுக்குக் கூப்பிடவில்லை. சுற்றுவட்டாரம் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார்கள். பச்சை வயலைப் பார்த்துக்கொண்டே பிள்ளையோடு பஸ் ஏறிக் கோடியக்கரைக்கு உப்பு வாரப் போனாள். பாத்தியில் நின்று நின்று குதிகால் வெடித்துப் புண்ணாகி ஆறவே இல்லை. நீலாம்பாளுக்குத் தாயின் நினைவு என்றால் முகம் அல்ல, அந்தக் கால்தான். சாயங்காலமானால் தேங்காய் எண்ணெயைச் சுட வைத்துத் தடவிவிடுவாள். தடவும்போது தங்கம்மாள் சொல்வாள்: "வலிக்கிது. ஆனா வாங்கலடி நான்." சொத்து என்று அவள் விட்டுப்போனது ஒரு திடல் மனையும் இந்தச் சொல்லும்தான்.

காலம் போனது. பண்ணையும் போனது. நில உச்சவரம்புச் சட்டத்தில் போனது பாதி, பங்காளிகள் விற்றது பாதி, மிச்சத்தை அமெரிக்காவிலிருக்கிற பேரன்கள் டிரஸ்ட் ஆக்கினார்கள். பண்ணை வீடு கலைக்கூடமாகிவிட்டது. தாராசுரம் கோயில் பார்க்க வருகிறவர்கள் அப்படியே காரைத் திருப்பிக்கொண்டு இங்கேயும் வருவார்கள். நீலாம்பாள் அங்கே பெருக்கித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். கணவன் வைரக்கண்ணுக்கு டிராக்டர் ஓட்டுகிற தொழில். நடவு இல்லாத மாதங்களில் வீட்டில் அவள் சம்பளம்தான்.

முதல் நாள் கூடத்தைத் துடைக்கப் போனவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள். சுவர் முழுக்க ஓவியம். நடவு வயல். வரிசையாகக் குனிந்த பெண்கள். வரப்பில் குடையோடு பெரிய பண்ணை. அவர் காலடியில் நாற்று முடியோடு ஒருத்தி. தங்கம்மாள்! மூக்கு, நெற்றி, இடது காதின் கிழிந்த துளை உட்பட அவளேதான். அந்த வருஷம் பண்ணை வீட்டுக் கல்யாணத்துக்காகச் சுவர் எழுத வந்த ஓவியக்காரர் ஒருவர் களத்து மேட்டில் உட்கார்ந்து நடவைப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்ததாகத் தாய் சொல்லியிருக்கிறாள். கீழத்தெருக்காரர் யாரும் அந்தக் கூடத்துக்குள் போக முடியாது என்பதால் என்ன வரைந்தார் என்று யாருக்கும் தெரியாது. வரைந்தவர் கை பொய் சொல்லவில்லை. வரையச் சொன்னவர் பொய் சொல்ல வைத்திருந்தார். சுவரில் பண்ணையார் சிரித்துக்கொண்டு காசை நீட்டுகிறார். தங்கம்மாளும் சிரிக்கிறாள்.

போகட்டும், படம்தானே, அது வாய் திறந்து பேசவா போகிறது என்று நீலாம்பாள் ஆறுதல் சொல்லிக்கொண்டாள். அம்மா முகத்தைப் பார்க்க ஒரு இடம் கிடைத்ததே! தினமும் அந்தச் சுவரை மட்டும் கடைசியாகத் துடைப்பாள், மெதுவாகத் துடைப்பாள்.

கலைக்கூடத்துக்கு மேனேஜர் தியாகேசன். பண்ணை வீட்டுக்குப் பங்காளி முறை, முப்பத்தைந்து வயது, நல்ல மாதிரி. அவருக்கு ஒரே கவலை. வருகிறவர்கள் சுவர் முன்னால் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடுகிறார்கள். இத்தனை பெரிய ஓவியத்தை ஒருத்தன்கூட நின்று பார்ப்பதில்லை.

"நீலாக்கா, இந்தச் சுவரைப் பேச வெக்கப் போறோம்," என்றார் ஒரு நாள். "வர்றவங்க கேள்வி கேப்பாங்க. படத்துல இருக்கிற பொம்பளைங்க பதில் சொல்லுவாங்க. செயற்கை நுண்ணறிவு."

"பேய் புகுந்த மாதிரியா சார்?"

"அந்த மாதிரிதான்னு வெச்சுக்கங்களேன். அதுக்கு ஒரு குரல் வேணும். இந்த ஊர்க் குரல். உங்க குரல்."

அந்த வேலைக்கு நாகூரிலிருந்து அஹமது கபீர் என்ற இளைஞன் வந்தான். கணினி படித்தவன், அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டான். பின்கட்டு அறையில் வெளிச்சத்தம் வராமல் சுவரெல்லாம் மெத்தை அடித்து மைக் வைத்து நீலாம்பாளைப் பேசச் சொன்னான். நாள் நாளாகப் பேசினாள். நாற்று பறிப்பது, அட்டை கடிப்பது, நடவுப் பாட்டு, சண்டை, கெட்ட வார்த்தை எல்லாம். "இருமல் வந்தா நிறுத்திடவா தம்பி?" என்றால், "இருமுங்கக்கா, அதுவும் வேணும்" என்பான். முடி போட்டு மறித்த கதையையும் சொன்னாள். கூரையைப் பிரித்தது, உப்பளம், குதிகால், ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது கபீர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்.

சுவர் பேசத் தொடங்கியது. மைக்கில் யாராவது கேட்டால், பதில் சொல்கிற பெண்ணின் மேல் மெல்ல வெளிச்சம் விழும். குரல் நீலாம்பாளுடையது, கொஞ்சம் இளசாக. நடுவில் அவள் போடுகிற "ஆங்" கூட அதில் இருந்தது.

பொய் சொல்லக் கூடாது, முதல் மாதம் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பூதலூர்ப் பக்கத்து நடவுப் பெண்கள் வேன் பிடித்து வந்தார்கள். ஒரு கிழவி சுவரைப் பார்த்து, "ஏ ஆத்தா, இப்ப மிஷின் நடவு வந்துருச்சு தெரியுமா?" என்றாள்.

"மிஷினு நட்டா குலவை யாருடி போடுறது, டிரைவரா?" என்றது சுவர்.

வேன் மொத்தமும் உருண்டு சிரித்தது. கிழவி விடவில்லை, சுவரோடு மல்லுக்கு நின்றாள். ஓவியத்தில் ஒருத்தி நாற்றைக் கட்டைவிரலால் அழுத்தாமல் நடுகிறாள், இப்படி நட்டால் மிதந்துவிடும் என்று சண்டை. மற்றவர்கள் கிட்டே போய் ஒவ்வொரு விரலாகப் பார்த்தார்கள். ஒரு படத்தை மனுஷர்கள் அப்படிப் பார்த்து நீலாம்பாள் கண்டதில்லை. யாராவது காலடியில் என்ன என்று கேட்டால், தங்கம்மாள் மேல் வெளிச்சம் விழுந்து நடந்தது நடந்தபடி வரும். கேட்டவர்களில் சிலர் கண்ணைத் துடைப்பார்கள். சிலர் நழுவி அடுத்த அறைக்குப் போவார்கள். "டிக்கெட் வாங்கிக்கிட்டு வந்து இதைக் கேக்கணுமா?" என்று ஒருவர் மனைவியிடம் சிடுசிடுத்துக்கொண்டே போனார்.

தை மாத விடுமுறையில் ஒரு மத்தியானம். நீலாம்பாள் ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பட்டுப்பாவாடை கட்டிய சிறுமி ஒருத்தி எட்டி மைக்கைப் பிடித்துக் கேட்டாள்: "அக்கா, கீழ என்ன வெக்கிறீங்க?"

"ஆண்டே காலுக்கு மரியாதை வெக்கிறேன் கண்ணு," என்றாள் சுவரில் தங்கம்மாள். "அவங்க சிரிச்சுக்கிட்டே வெள்ளிக் காசு கொடுத்தாங்க. ரெண்டு கையாலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். நடவுப் பாட்டு ஒண்ணு பாடவா?"

நீலாம்பாள் கம்பியை விட்டுவிட்டுச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் குரல். அவள் தாயின் முகம். ஆண்டே என்ற சொல்லை அவள் பதிவில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்லமாட்டாள், தங்கம்மாள் வளர்த்த பிள்ளை அவள்.

கபீரைப் போய்ப் பிடித்தாள்.

"நான் இப்படிச் சொன்னேனா தம்பி?"

அவன் திரையில் எதையோ தேடினான். முகம் சுண்டிப்போனது.

"இல்லக்கா. அதுவா மாத்திக்கிட்டிருக்கு."

"அதுவான்னா? அதுக்கு எங்கம்மாவத் தெரியுமா?"

"வந்தவங்க கூட நேரம் நிக்கணும், அதுக்கு ஏத்த மாதிரி பேசுன்னு சொல்லிக் கொடுத்திருக்கோம். அந்தக் கதை சொன்னப்ப நெறைய பேரு போயிட்டாங்க. சிரிச்சுப் பாட்டு பாடினப்ப நின்னாங்க. கொஞ்சம் கொஞ்சமா... பழைய புத்தகத்துல இருந்தெல்லாம் எடுத்துக்குது. எனக்கே தெரியாம நடந்துருக்குக்கா."

"நின்னாங்கன்னா? ஆளு நிக்கிறதுக்காக எங்கம்மா கால்ல விழுவாளா?"

தியாகேசனிடம் போனாள். அவர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார், காபி வரவழைத்தார். காபி ஆறிப்போனது.

"நீலாக்கா, முடி போட்டா தாண்டக் கூடாதுங்கிறது எனக்குத் தெரியாதா? எங்க அப்பத்தாவே சொல்லியிருக்கு. நடந்தது எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமா சார்?"

"இது படம்க்கா. படத்துல அம்மா சிரிக்கிறாங்க, அந்தச் சிரிப்புக்கு ஏத்த மாதிரி அது பேசுது. முன்னாடி இந்தச் சுவரை யாரு பாத்தா? இப்ப ஜனம் மணிக்கணக்கா நிக்கிது. பழைய சண்டைய எதுக்கு இப்ப? உங்க மகனும் எங்க வீட்டுப் பிள்ளையும் ஒண்ணா கிரிக்கெட் ஆடுறாங்க."

"ஆடட்டும் சார். அதுக்கு எங்கம்மா எதுக்குக் காசு வாங்கணும்?"

மாற்றச் சொல்கிறேன் என்றார். மாற்றவில்லை. தெரியாமல் செய்தவனைத் திருத்தலாம். தெரிந்துகொண்டே காபி வாங்கிக் கொடுக்கிறவரை என்ன செய்வது?

ஊரில் நியாயம் கேட்கலாம் என்று போனாள். ஆளும் கட்சிக் கிளைச் செயலாளர் கோவிந்தராசு முழுவதையும் கேட்டுவிட்டு, "மனை கொடுத்தது எங்க ஆட்சி. சுவரு அதைச் சொல்லுதா? மொதல்ல அதைச் சொல்லச் சொல்லு," என்றார். செங்கொடிச் சங்கத்துப் பக்கிரி, "யாரு கொடுத்தா? போராடி வாங்குனது நாங்க. சங்கத்துப் பேரு வரணும் நீலா. வந்தா நாளைக்கே மறியல்," என்றார். அவரவர் வாயை அந்தச் சுவரில் வைக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. தங்கம்மாள் வாயைத் திருப்பிக் கொடுக்க ஒருவரும் இல்லை.

இதற்குள் உள்ளூர்க்காரர்களுக்கு இலவசம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவித்தார்கள். கீழத்தெருவே தலை சீவிப் பவுடர் போட்டுக்கொண்டு போனது. பண்ணை வீட்டுக் கூடத்தில் முதல்தடவையாகக் கால் வைத்த சந்தோஷம் அவர்களுக்கு. சுவர் சிரித்தது, பாடியது, காசு வாங்கினேன் என்றது. மறுநாள் குழாயடியில் ரெங்கம்மாள்:

"ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சியே, எங்க ஆத்தா வாங்கல, எங்க ஆத்தா மிதிச்சான்னு. ஒங்காத்தாவே சொல்லுதே வாங்குனேன்னு! அதுவும் ஒன் தொண்டையில!"

"அது எங்கம்மா இல்லக்கா. மிஷினு."

"மிஷினு பொய் சொல்லுமா? அதுக்கு என்ன ஆதாயம்?"

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அன்று சேற்றில் நின்று அந்த மிதியைப் பார்த்தவர்களின் மகள்கள், மருமகள்கள்! பார்த்தவர்களில் உயிரோடு யாரும் இல்லை. சில நாளில் கதை இன்னும் வளர்ந்தது. தங்கம்மாள் பண்ணையாரோடு உள்ளுக்குள் பேசி வைத்துக்கொண்டுதான் மறித்தாளாம், கோடியக்கரைக்குப் போனதே வாங்கிய காசை மறைக்கத்தானாம். வெடித்த குதிகாலோடு செத்தவளை இப்படிப் பேசலாமா? பேசினார்கள். திடல் மனையில் உட்கார்ந்துகொண்டே பேசினார்கள்.

வைரக்கண்ணு சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "விட்டுட்டு வந்துடு புள்ள."

"நான் வந்துட்டா அது பேசுறத நிறுத்திடுமா?"

"நிறுத்தாது."

"அப்ப நான் அங்கதான் இருக்கணும். யாராச்சும் கேட்டா, இல்லன்னு சொல்ல ஒரு ஆளாவது வேணும்ல?"

அதற்காகத்தான் அவள் வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தாள், ஏசிக்காக இல்லை. சுவர் பொய் சொல்லி முடித்ததும், கேட்டவர்கள் பக்கம் போய்த் தணிந்த குரலில், "அப்படி இல்லீங்க" என்று தொடங்குவாள். துடைக்கிற பெண் ஏதோ கேட்கிறாள் என்று பலர் பர்ஸைத் திறந்தார்கள்.

கடைசி நாள். மாசி மாதம், காலை பதினோரு மணி. கல்லூரிப் பிள்ளைகள் ஒரு பஸ், கும்பகோணத்துக்கு வந்த வடக்கத்திக் குடும்பங்கள் சில, கூடம் நிறைந்திருந்தது. ஒரு பையன் வழக்கமான கேள்வியைக் கேட்டான். சுவர் வழக்கமானதைச் சொல்லிக் கண்ணில் ஒத்திக்கொண்டது. நீலாம்பாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் மைக்குக்கு முன்னால் நின்றாள். ஈரத்துணி கையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"வாங்குனியா?" என்றாள்.

வெளிச்சம் தங்கம்மாள் முகத்தில் நின்றது. "வாங்குனேன் கண்ணு."

"பொய். சேத்துல போட்டு மிதிச்சே நீ."

"ஆங்... சேத்துல நின்னுதான் வாங்குனேன். மகராசன் கொடுத்தாங்க."

"கூரையப் பிரிச்சானே, அவனா மகராசன்?"

"கூரை பிரிஞ்சா வேஞ்சுக்கலாம் கண்ணு. மனசு பிரியக் கூடாது."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. ஒரே குரல் இரண்டு பக்கமும். ஒன்று தேன் தடவியது, ஒன்று கரகரத்தது.

"உப்பளத்துல ஒன் காலு வெடிச்சுதே," என்றாள் நீலாம்பாள். "நான் எண்ணெய் தடவுனேனே. என்ன சொன்னே எங்கிட்ட? அதைச் சொல்லு. இவங்களுக்கு முன்னாடி சொல்லு."

சுவர் ஒரு நொடி யோசித்தது. பிறகு, "ஒன்னயப் பாத்தா எனக்குப் பாட்டு வருது," என்று பாடத் தொடங்கியது.

நீலாம்பாள் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். முடி, மனை, காசு, மிதி, கூரை, கோடியக்கரை. பாட்டுக்கு மேலே கத்திக் கத்திச் சொன்னாள். அழுகையும் வந்தது. ஒருத்தர் நகரவில்லை. எல்லோருடைய போனும் அவளை நோக்கி உயர்ந்திருந்தது. சொல்லி முடித்தாள்.

கைதட்டினார்கள்.

கூடம் அதிரக் கைதட்டினார்கள். "செம நடிப்புங்க!" என்றது ஒரு பிள்ளை. வடக்கத்திப் பெண்மணி ஒருத்தி வந்து அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். நீலாம்பாளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது உடம்பு கூசியது. அவள் தாய்க்காகப் போட்ட சண்டையும் டிக்கெட்டுக்குள் அடங்கிவிட்டது!

தியாகேசன் ஓடி வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் தேவலை. முகமெல்லாம் பல்.

"நீலாக்கா! என்னக்கா இது! ஒருத்தர்கூட நகரலயே! இதைத்தான் நான் தேடிக்கிட்டிருந்தேன். மிஷினு ஒண்ணு சொல்லணும், நீங்க எதிர்த்துப் பேசணும். தினம் ரெண்டு தடவ, காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. துடைக்கிற வேலைக்கு வேற ஆளு போட்டுக்கலாம். உங்க கதையும் வந்துரும், அவங்க கதையும் வந்துரும். எது நிஜம்னு ஜனங்க முடிவு பண்ணட்டும்!"

"எது நிஜம்னு ஒங்களுக்குத் தெரியும்னீங்களே சார்."

"எனக்குத் தெரிஞ்சு என்னக்கா? பாக்குறவங்களுக்கு ஒரு சுவாரசியம் வேணும்ல?"

"என் குரலை எடுத்துடுங்க."

"எடுத்தா வேற ஒருத்தங்க குரல் வெப்போம். கதை அதுதானே இருக்கும்? அதுக்கு நீங்களே இருந்து எதிர்த்துப் பேசலாம்ல? இருங்கக்கா. தயவு பண்ணி இருங்க. சம்பளம் நீங்க சொல்றதுதான்."

பின்னால் கபீர் நின்றுகொண்டிருந்தான். "சார், விட்டுடுங்க," என்றான் மெதுவாக. தியாகேசன் காதில் அது விழவில்லை. அடுத்த கூட்டத்தை எத்தனை மணிக்கு வைக்கலாம் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீலாம்பாள் நினைத்துப் பார்த்தாள். இருந்தால் தினமும் அழ வேண்டும். தினமும் அழுதால் நாளடைவில் நன்றாக அழ வந்துவிடும். எங்கே நிறுத்தினால் கைதட்டுவார்கள் என்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அந்தச் சுவருக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்? அந்த மிதியை விற்காமல் வைத்திருந்தவள் தங்கம்மாள். காலையும் மாலையும் அதை மிதித்துக் காட்டவா மகள்?

"எங்கம்மா காசு வாங்கல சார்," என்றாள். "நானும் வாங்க மாட்டேன்."

ஈரத்துணியை உதறி ஜன்னலில் காயப்போட்டாள். கொடியில் கிடந்த தன் துண்டை எடுத்துக்கொண்டாள். சுவருக்கு முதுகைக் காட்டி நடந்தாள்.

போகிறவர்களைக் கூப்பிட்டு நிறுத்தவும் அந்தச் சுவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

"ஏ கண்ணு, எங்க போறே?" என்றது, தங்கம்மாள் முகத்தில் வெளிச்சம் விழ, நீலாம்பாளின் குரலில். "கொஞ்சம் நில்லு. இன்னும் ஒரு கதை இருக்கு."

கல்லூரிப் பிள்ளைகள் அவள் திரும்புவாள் என்று போனைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார்கள். அவள் கூடத்தைக் கடந்தாள், டிக்கெட் மேஜையைக் கடந்தாள், செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கினாள்.